மூலவருக்கு ட்யூப் கிடையாது

சார், அந்த பேக மேல வெச்சுட்டீங்கன்னா நான் இப்படி உக்காந்துக்குவேன். ரொம்ப தேங்க்ஸ். இல்ல இல்ல, இத மேல வெக்கக் கூடாது, மடியிலதான் வரும். உங்க கால் படாம மட்டும் பாத்துக்குங்க, தப்பா எடுத்துக்காதீங்க. மூலவரு பாருங்க, அதனால சொல்றேன்.

சாமி சிலையெல்லாம் இல்ல சார். பட்டுத்துணி சுத்தியிருக்கிறதால உங்களுக்கு அப்படித் தெரியுது. அது என் சம்சாரத்தோட கல்யாணப் பொடவ முந்தானி. அவ இன்னும் பீரோவத் தொறக்கல. உள்ள இருக்கிறது ஃபில்டர். தண்ணி ஃபில்டர். ஒரு முழம் பைப்பு, ரெண்டு பக்கமும் மூடி. தூக்கிப் பாருங்க. கனமே இல்லல்ல? உள்ள இருக்கிறது அவ்ளோ சின்னச் சரக்கு.

நீங்க எங்க, போளூரா? டை கட்டியிருக்கீங்க. மெடிக்கல் ரெப்பா? நெனைச்சேன். மாசக் கடைசி வேற, டார்கெட்டு டார்கெட்டுன்னு உயிர எடுப்பாங்க. என் மச்சான் பையன் அந்த வேலைலதான் இருந்தான். இப்ப கோழிக்கடை வெச்சிருக்கான், நல்லா தூங்கறான். நான் உங்களுக்கு முன்னாடி எறங்கிடுவேன், நெடுங்கரைப்பட்டு. அங்க பதினோரு மணிக்குத் திறப்பு விழா. மூலவரு இல்லாம எப்படித் திறப்பாங்க? அதான் கொண்டு போறேன்.

நான் கோதண்டம். காலேஜ்ல கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டரு. முப்பத்தொரு வருஷம். என் கையால பிப்பெட்டு வாங்கி, என் கையால டீ வாங்கி, பதினாலு பேரு டாக்டரேட்டு முடிச்சுட்டுப் போயிருக்காங்க. பதினாலு தீசிஸ்லயும் நன்றி சொல்ற பக்கத்துல என் பேரு இருக்கு. ஒருத்தன் மட்டும் கோதண்டபாணின்னு தப்பாப் போட்டுட்டான், அவனுக்கு இன்னும் வேலை கிடைக்கல. நான் ஒண்ணும் சாபமெல்லாம் குடுக்கல சார். சும்மா சொல்றேன்.

பதினஞ்சாவதுதான் அமுதவல்லி பாப்பா. வர்ற மே மாசம் எனக்கு ரிட்டையர்மெண்ட். அதுக்குள்ள அந்தப் புள்ளை முடிச்சு, பதினஞ்சாவது தடவையா என் பேரப் பாத்துட்டேன்னா போதும். வேற ஆசை கிடையாது.

இந்த நெடுங்கரைப்பட்டுல முன்னாடி பழைய பேட்டரி ஒடைக்கிற பட்டறை ஒண்ணு இருந்துச்சு. இப்ப மூடிட்டாங்க. பட்டறை போயிடுச்சு, காரீயம் போகல. கெணத்துல எறங்கிடுச்சு. பள்ளிக்கூடத்து பசங்களுக்கு ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. பசங்க சோந்து சோந்து உக்காருதுங்க, வயித்த வலிக்குதுங்குது, நேத்து படிச்சது இன்னிக்கு மறந்து போவுது. வாத்தியாரு அடிச்சு அடிச்சுப் பாத்திருக்காரு. அடியில காரீயம் போவுமா? அந்தத் தண்ணிய சுத்தம் பண்ற ஆராய்ச்சிதான் பாப்பாவுது.

எதால சுத்தம் பண்ணுதுங்கிறீங்க? கரியால. சத்தியமா, கரி. ஆனா நம்ம அடுப்புக்கரி இல்ல. பாப்பா எனக்குப் பொறுமையா சொல்லிக் குடுத்துச்சு. "அண்ணா, இது கரியாலயே செஞ்ச குழா. நானோ ட்யூப்பு. உங்க தலைமுடி ஒண்ண எடுத்து நீளவாக்குல அம்பதாயிரமா வகுந்தா, அதுல ஒண்ணு"ன்னுச்சு. நான் தலையக் குனிஞ்சு காமிச்சேன். "வேற யாரு தலையாவது சொல்லும்மா"ன்னேன். அதுக்கு சிரிப்பு தாங்கல.

அந்தக் குழாய அப்படியே போட்டா ஒண்ணும் பண்ணாது. ஆசிட்டுல ஆறு மணி நேரம் காய்ச்சணும். காய்ச்சுனா அதுக்கு மேல கை மொளைக்குது. பாப்பா அப்படித்தான் சொல்லுச்சு, கை மாதிரின்னு. தண்ணியில வர்ற காரீயத்த அந்தக் கை எட்டிப் புடிச்சு நிறுத்திக்கும், தண்ணி மட்டும் போயிடும். எனக்குப் பட்டுன்னு புரிஞ்சுது. நடுவழியில பஸ்ஸ மறிச்சு டிக்கெட் வாங்காதவன மட்டும் எறக்குறாரு பாருங்க செக்கிங் இன்ஸ்பெக்டரு, அந்த வேலை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பாப்பா மொதல் ஃபில்டரச் செஞ்சு முடிச்சது ஆயுத பூஜைக்கு மொத நாளு. நேரத்தப் பாருங்க. நம்ம லேப்ல ஆயுத பூஜை என் பொறுப்பு. தராசு, ஃப்ரிட்ஜு, ஸ்டாண்டு, கிடுக்கி, காரீயத்த அளக்குற பெரிய மெஷினு, ஒண்ணு விடாம சந்தனம் வெச்சுப் பொட்டு வெப்பேன். தேவசகாயம் சாருதான் எங்க ஹெச்.ஓ.டி., பாப்பாவோட கைடும் அவருதான். அவரு கிறிஸ்தவரு. பூஜை நடக்கறப்ப வராண்டாவுல நின்னு மரத்தப் பாத்துக்கிட்டிருப்பாரு, பொரி கடலைக்கு உள்ள வந்துடுவாரு. தங்கமான மனுஷன்.

புது ஃபில்டருக்கும் பொட்டு வெக்கணுமில்ல? எங்க வெக்கறதுன்னு ஒரு யோசனை. வீட்டுக்குப் பொட்டு எங்க வெக்கறோம்? நிலைப்படியில. ஃபில்டருக்கு நிலைப்படி எது? தண்ணி வெளிய வர்ற வாய். அதனால சுண்டு வெரல்ல கொஞ்சம் செந்தூரத்த எடுத்து, அந்தக் கொழாய் வாய்க்குள்ள, உள்பக்கமா, ஒரு சுத்து பூசி விட்டேன். தேரடிப் பக்கம் நடைபாதையில ஒரு கெழவரு விப்பாரு, ஆரஞ்சு கலர்ல, கண்ணப் பறிக்கும். பொடியா வெச்சா தண்ணியோட போயிடுமேன்னு நல்லெண்ணெயில கொழைச்சு வெச்சேன். அப்படியே புடிச்சுக்கிச்சு. எந்த வேலை செஞ்சாலும் ஒரு நேர்த்தி வேணும் சார்.

மறுநாள் பாப்பா நெடுங்கரைப்பட்டுத் தண்ணிய ஊத்திச்சு. உள்ள போன தண்ணியில காரீயம் நூத்தி இருவது. என்ன கணக்குன்னு என்னைக் கேக்காதீங்க, மெஷின் சொல்றதுதான். வெளிய வந்த தண்ணியில நூத்தி அறுவது.

ஆமா சார், கூட. உள்ள போனத விட வெளிய வந்தது ஜாஸ்தி. தேவசகாயம் சாரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சு மறுபடி பாத்தாரு. "அமுதா, தண்ணிய அழுக்காக்குற ஃபில்டர் உலகத்துலயே நீதாம்மா கண்டுபுடிச்சிருக்க"ன்னுட்டுப் போயிட்டாரு. அந்தப் புள்ளைக்கு மூஞ்சி செத்துப் போச்சு. என்னால பாக்க முடியல.

நான் என்னா நெனைச்சேன்? கண்ணு பட்டிருக்கு. பக்கத்து லேப்புல ஒரு பையன், இவளோட சேந்தவன், மூணு மாசமா கருவாட்டுப் பூனை மாதிரி வாசல்லயே எட்டி எட்டிப் பாத்துக்கிட்டிருந்தான். ஒருநாள் பூஜை பத்தலன்னு முடிவு பண்ணேன். வாரா வாரம் வெள்ளிக்கிழமை, எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி, குளிச்சுட்டு வந்து வாய்க்குள்ள ஒரு சுத்து.

அடுத்த வாரம் நூத்தி தொண்ணூறு.

பாப்பா பழைய கரியக் கொட்டிட்டு புதுசு செஞ்சுது. மறுபடி ஆசிட்டு, மறுபடி ஆறு மணி நேரம். நான் ரெண்டு சுத்து. இருநூத்தி நாப்பது. மறுபடி கொட்டிச்சு. நான் மூணு சுத்து. அந்தப் புள்ளை அழ அழ நான் செந்தூரத்த ஏத்திக்கிட்டே போனேன் சார். அது ஒரு பக்கம் போராடுது, நான் ஒரு பக்கம் போராடுறேன். ஆறு தடவை கொட்டிச்சு. இதுல பொங்கல் வந்துடுச்சு. ஒருநாள் டிபன் டப்பாவத் தொறந்து வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கு, கண்ணுல தண்ணி. "நான் எம்.எஸ்சி.யோட நிறுத்தியிருக்கணும் அண்ணா"ங்குது. அந்த வாரம் கொழாய் வாய்க்கு மட்டும் இல்ல, மேல ஊத்துற ஜாடியோட மூக்குக்கும் சேத்துப் பூசினேன். விடுவேனா?

ஆனா கெட்டிக்காரப் புள்ளை. எங்கிருந்தோ காரீயம் வெளிய இருந்து சேருதுன்னு கண்டுபுடிச்சுடுச்சு. பஞ்சு எடுத்துக்கிட்டு லேப்புல ஒவ்வொண்ணாத் தொடைக்க ஆரம்பிச்சுது. மேசையத் தொடைச்சுது, மெஷின்ல போட்டுப் பாத்துச்சு, ஒண்ணும் இல்ல. பெயிண்டச் சொரண்டிப் பாத்துச்சு, ஒண்ணும் இல்ல. கையுறை, பாட்டிலு, ஜன்னலு, ஒண்ணும் இல்ல. கடைசியா என்னப் பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. "அண்ணா, ஒரு நிமிஷம் அசையாம இருங்க"ன்னு சொல்லி, என் நெத்தியில இருந்த பொட்ட அந்தப் பஞ்சால தொடைச்சு எடுத்துக்கிட்டுப் போச்சு.

மெஷின்ல போட்டுச்சு. நம்பரே வரல சார். ஸ்க்ரீன்ல "ஹை"ன்னு வந்துச்சு. இங்கிலீஷ்ல, பெரிய எழுத்துல. முப்பத்தொரு வருஷத்துல கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட்டுல கூட எனக்கு எல்லாரும் "திருப்தி"ன்னுதான் போட்டிருக்காங்க. மெஷினு "ஹை" போட்டுச்சு. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. நம்பருக்கே அடங்கலன்னா அது எவ்ளோ சக்தியா இருக்கணும்!

பாப்பா அப்படியே நாற்காலியில உக்காந்துடுச்சு. சிரிக்குதா அழுவுதான்னு தெரியல. ரெண்டும் பண்ணுச்சு. "அண்ணா, செந்தூரத்துல காரீயம் இருக்கு அண்ணா. கடைச் செந்தூரத்துல கலப்பாங்க அண்ணா. கொழாய்ல எதுனா வெச்சீங்களா அண்ணா?"ன்னு ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு அண்ணா போட்டுது. பொய் சொல்ற பழக்கம் எனக்கு இல்ல. சுத்துக் கணக்கோட சொல்லிட்டேன்.

தேவசகாயம் சாரு அன்னிக்கு நாலு மாசக் கோவத்த ஒண்ணா எறக்கினாரு. "உன்ன ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு மாத்தறேன்யா"ன்னாரு. மெஸ்ஸுக்கு! மே மாசம் ரிட்டையர்டு ஆவறவன் மெஸ்ஸுல சாம்பார் வாளி தூக்கணுமா? பதினஞ்சாவது பேரு போச்சுன்னு நெனைச்சேன். பாப்பாதான் குறுக்க வந்து நின்னுச்சு. "சார், அவரு எனக்காகத்தான் சார் பண்ணாரு. நான் பாத்துக்கறேன் சார்"னுச்சு. நாலு மாசம் பாழாப் போன புள்ளை சார் அது. எனக்கு அப்பதான் மொதல் தடவையா வெக்கமா இருந்துச்சு. எதுக்கு வெக்கம்னு இன்னும் சரியாத் தெரியல, ஆனா இருந்துச்சு.

மறுநாள் பாப்பா இத என் கையில குடுத்துச்சு. இதே பைப்பு. "அண்ணா, இதுதான் மெயின் ஃபில்டர். இத உங்க பொறுப்புல விடறேன். இதுக்கு எவ்ளோ பூஜை வேணாலும் பண்ணுங்க. மத்தது எதையும் தொடாதீங்க"ன்னுச்சு. மெயின் ஃபில்டர் சார்! ஸ்டோர் ரூம்ல ஒரு அலமாரிய ஒழிச்சு, பேப்பர் விரிச்சு வெச்சேன். பிரதிஷ்டை.

நீங்க கேக்க வர்றது புரியுது. பக்கத்து லேப்புப் பையனும் இதான் கேட்டான். "அண்ணா, மெயின் ஃபில்டர்ங்கிறீங்க, இதுல தண்ணி போறதுக்கு ட்யூப்பே இல்லையே"ன்னான். கோயிலுக்குப் போயிருக்கியாடான்னு கேட்டேன். தேர்ல ஏறி நாலு வீதி சுத்துறது யாரு? உற்சவரு. மூலவரு வெளிய வருவாரா? கர்ப்பக்கிரகத்த விட்டு அசைய மாட்டாரு. ஆனா சக்தி எங்கிருந்து போவுது? தண்ணி சுத்தம் பண்றது உற்சவரு வேலை. மூலவருக்கு ட்யூப் கிடையாதுடான்னேன்.

உள்ள சரக்கும் வேற சார். ஆட்டுனா சலசலன்னு சத்தம் வரும், கேளுங்க. என் சம்சாரம் இஸ்திரிப் பெட்டிக்குப் போடற கரி மாதிரியே இருக்கும். மெயினுங்கிறதால பெரிய சைஸு போட்டிருக்காங்க போல.

இப்ப ரிசல்ட்டச் சொல்லட்டுமா? மூலவரு உக்காந்த மொதல் வாரம், உள்ள நூத்தி இருவது, வெளிய ரெண்டு. ரெண்டே ரெண்டு! அடுத்த வாரம் ஒண்ணரை. அதுக்கப்புறம் ஏறவே இல்ல. தேவசகாயம் சாரு கூட ஒருநாள் ஸ்டோர் ரூம் வாசல்ல நின்னு, "எல்லாம் உன் புண்ணியம்தான்யா கோதண்டம், தயவுசெஞ்சு அந்த ரூமுக்குள்ளயே இரு"ன்னு சொன்னாரு. கிறிஸ்தவரு வாயால அந்த வார்த்த வர்றதுன்னா பாத்துக்குங்க.

செந்தூரம்? அத விட்டாச்சு சார். பாப்பாகிட்ட சத்தியம் பண்ணிட்டேன். என் சம்சாரமே மஞ்சளு, எலுமிச்சம்பழம், படிகாரம் போட்டு வீட்டுல குங்குமம் செஞ்சா. பாப்பா அதையும் மெஷின்ல போட்டுப் பாத்து ரிப்போர்ட் குடுத்துச்சு. இதோ, சட்டைப் பையில லேமினேட் பண்ணி வெச்சிருக்கேன். காலேஜ் சீல் போட்ட குங்குமம், இந்த ஜில்லாவுல வேற எவன்கிட்டயாவது இருக்கா? ஆனா ஒரு வருத்தம். ரிசல்ட்டப் பாருங்க, பி.டி.எல்.னு போட்டிருக்கு. மெஷினால கண்டுபுடிக்க முடியாத அளவுக்குக் கம்மின்னு அர்த்தமாம். அது எங்க, இது எங்க. "ஹை" வாங்கின கையி சார் இது.

ஒரு நிமிஷம், போனு அடிக்குது. பாப்பாதான்.

ஹலோ. சொல்லும்மா. பஸ்ல வந்துக்கிட்டே இருக்கேம்மா. இன்னும் ரெண்டு ஸ்டாப்பிங். பத்திரமா மடியிலதான் இருக்கு. என்னாது? குடிக்க மாட்டேங்கறாங்களா? ஏனாம்? கரித்தண்ணின்னா? ரிப்போர்ட்டக் காமிக்க வேண்டியதுதானே? ம். ம். தலைவரம்மாவே சொல்லிட்டாங்களா? அட! சரி. சரிம்மா. அழாத. நான் வர்றேன்ல. வெளிய மட்டும்தானே? சரி, வெளிய மட்டும். வெச்சுடு.

கேட்டீங்களா சார்? ஃபில்டர் மாட்டியாச்சு, தண்ணி கண்ணாடி மாதிரி வருது, பசங்க டம்ளரப் புடிச்சுக்கிட்டு வரிசையில நிக்குது. ஆனா தாய்மாருங்க ஒருத்தி கூட குடிக்க விடலையாம். "போர் போட்டாலும் பூஜை, மோட்டாரு எறக்கினாலும் பூஜை, கரியில வடிச்ச தண்ணிய ஒரு பொட்டு கூட வெக்காம எப்படிப் புள்ளைங்களுக்குக் குடுக்கறது"ன்னு பஞ்சாயத்துத் தலைவரம்மா கேட்டுட்டாங்களாம். தேவசகாயம் சாரு அரை மணி நேரம் கை எப்படி மொளைக்குதுன்னு வெளக்கினாராம். கை மொளைக்குதுன்னதும் இருக்கிற பொம்பளைங்களும் எழுந்துட்டாங்களாம். இன்னிக்கு ஊரு ஒத்துக்கலன்னா பள்ளிக்கூடத்துக்கு ஃபில்டரும் இல்ல, பாப்பாவோட கடைசி அத்தியாயமும் இல்ல. "அண்ணா, மூலவரையும் குங்குமத்தையும் எடுத்துட்டு ஓடி வாங்க, உங்களாலதான் முடியும்"னுச்சு. என்னாலதானாம்! காதுல விழுந்துச்சில்ல?

வெளிய மட்டும் வைங்கன்னு சொல்லுது, சின்னப் புள்ளை. நிலைப்படிய விட்டுட்டு யாராவது காம்பவுண்டு சுவத்துக்குப் பொட்டு வெப்பாங்களா? ஊரே கூடி நிக்குது, பசங்க நாப்பத்தி மூணு பேரு குடிக்கப் போவுது. இந்த மாதிரி நேரத்துல பி.டி.எல்.ல நம்பிப் போவ முடியுமா? அதனாலதான் சார், உங்ககிட்ட மட்டும் சொல்றேன், இடுப்பு முடிச்சுல ஒரு சின்னப் பொட்டலம் வெச்சிருக்கேன். பழைய "ஹை". தேரடிக் கெழவரு ஊருக்குப் போயிட்டாரு, இனிமே கிடைக்காது. இதான் கடைசி. சத்தியம் பண்ணது லேப்புக்குத்தானே, நெடுங்கரைப்பட்டுக்கு இல்லையே. கொழாய் வாயில ஒரு சுத்து, யாருக்குத் தெரியப் போவுது.

என்னா சார், ஏன் எழுந்துட்டீங்க? உங்க ஸ்டாப்பிங் இன்னும் இருக்கே.

இந்தப் பொட்டலமா? உங்களுக்கா? ஓ. ஓஹோ. டார்கெட்டுக்கா?

அவ்ளோ கஷ்டமா சார்? வேலையே போயிடுமா? அய்யய்யோ, கைய விடுங்க, கண்ணு கலங்குறீங்களே. தர மாட்டேன்னு சொன்னேனா? ஒரு சிட்டிகை மடிச்சுத் தர்றேன், இருங்க. முழுசுமா? முழுசும் குடுத்துட்டா நான் என்னா பண்றது சார், அங்க நாப்பத்தி மூணு புள்ளைங்க.

இல்ல, நீங்க சொல்றதும் சரிதான். அதுங்களுக்கு மூலவரு நேர்லயே வர்றாரு. உங்களுக்கு யாரு இருக்காங்க, அந்த மேனேஜரத் தவிர. இந்தாங்க. முழுசும் எடுத்துக்குங்க. கீழ சிந்திடாதீங்க. என்னாத்துக்கு சார் பிளாஸ்டிக் கவர்ல போட்டு ரெண்டு முடிச்சுப் போடறீங்க? ரொம்ப பக்தி உங்களுக்கு. தெனம் காலைல ஆபீஸ் பேக்ல ஒரு சுத்து வைங்க, டார்கெட்டு தானா வரும். நான் சொன்னேன்னு நெனைச்சுக்குங்க.

நெடுங்கரைப்பட்டு வந்துடுச்சு. கண்டக்டர், எறங்கணும், எறங்கணும். மூலவர ஒரு கை புடிங்க சார். அதோ பாருங்க, அந்த வேப்பமரத்தடியில ஓடி வருதே, அதான் எங்க பாப்பா.

விடுங்க சார், வருத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்கதான் பாவம். பசங்களுக்கு பி.டி.எல்.லே போதும்.